சால்ஸ்பர்க் நகரைப் பார்க்கவும் கேட்கவும்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரியாவில், ஜெர்மனியின் எல்லையை ஒட்டி, சால்சாக் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்திருக்கும் சால்ஸ்பர்க், ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழும் நடுத்தர நகரம். சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் இதை மியூனிக்கிலிருந்தோ வியன்னாவிலிருந்தோ ஒரே பகலில் முடித்துவிடக்கூடிய ஊராகவே வைத்திருக்கிறார்கள். இசைமேதை மொசார்ட் பிறந்த வீட்டின் முன் ஒரு படம், கோட்டையில் ஒரு படம், கையில் ஒரு பெட்டி சாக்லேட் என்று திரும்பி வருகிறவர்கள் இந்நகரின் பாதியைத்தான் அறிந்திருப்பார்கள். இங்குள்ள பரோக் (17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கட்டடப் பாணி) தேவாலயங்கள் வழிபாட்டுக்கும், அரண்மனைக் கூடங்கள் விருந்துக்கும் விழாவுக்கும் எழுந்தவை. இரண்டிலுமே இசை பிரிக்க முடியாத அங்கமாக இருந்தது. அவற்றில் பல இன்றும் அதே பணியைச் செய்கின்றன. ஆகவே, ஒரு கட்டடத்துக்குள் எப்போது இசை ஒலிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு, அதன்படி பயணத் திட்டத்தை அமைக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்து திங்கட்கிழமை மாலை புறப்படுவதாக வைத்துக்கொண்டு கீழுள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

படி 1: புறப்படும் முன் அறிய வேண்டிய வரலாறு

இந்நகரின் செல்வம் உப்பிலிருந்து வந்தது. அருகிலுள்ள ஹல்லைன் பகுதியின் டூர்ன்பெர்க் மலையில் வெட்டி எடுத்த உப்பு சால்சாக் ஆற்றின் வழியே படகுகளில் போயிற்று. அந்த வருவாய் பேராயரின் கருவூலத்தை நிரப்பியது. சால்ஸ்பர்க்கின் பேராயர்கள் சமயத் தலைவர்களாக மட்டுமன்றி, 1803 வரை இந்நாட்டை ஆண்ட அரசர்களாகவும் இருந்தார்கள். ஆஸ்திரியாவுடன் இந்நகரம் நிலையாக இணைந்தது 1816இல்தான். மொசார்ட் பிறந்தபோது இது தனி நாடு.

நீங்கள் பார்க்கப்போகும் பரோக் நகரம் மூன்று பேராயர்களின் காலத்தில் உருப்பெற்றது. 1587இல் பதவியேற்ற வொல்ஃப் டீட்ரிஷ் ரோமில் படித்தவர். ரோமைப் போன்ற சதுக்கங்களும் குவிமாடங்களும் தம் ஊரிலும் வேண்டும் என்று விரும்பினார். 1598இல் பழைய பேராலயம் தீக்கிரையானபோது அதைச் செப்பனிடாமல் இடித்துத் தள்ளினார். சுற்றியிருந்த வீடுகளையும் அப்புறப்படுத்திச் சதுக்கங்களுக்கு இடம் கண்டார். உப்பு வணிகத்தில் பவேரியாவுடன் மோதியதால் பதவியை இழந்து, ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டையில் கைதியாக இருந்து 1617இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த மார்க்குஸ் ஸிட்டிக்குஸ் இத்தாலியக் கட்டடக் கலைஞரான சான்டினோ சோலாரியைக் கொண்டு இன்றைய பேராலயத்தைத் தொடங்கினார். பாரிஸ் லோட்ரோன் 1628இல் அதை அர்ச்சித்துத் திறந்துவைத்தார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோஹன் பெர்ன்ஹார்ட் ஃபிஷர் ஃபான் எர்லாக் என்ற கட்டடக் கலைஞர் வந்து, இத்தாலியப் பாணியை ஆஸ்திரியாவுக்கே உரியதாக வளர்த்தெடுத்தார். இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் யார் கட்டியது, எதற்காகக் கட்டியது என்று தெளிவாகும். பழைய நகரம் 1996இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

படி 2: பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை சால்ஸ்பர்க் விழா நடைபெறும். 1920 ஆகஸ்ட் 22 அன்று பேராலயச் சதுக்கத்தில் மாக்ஸ் ரைன்ஹார்ட் இயக்கிய நாடகத்தோடு தொடங்கிய இவ்விழா, இன்று ஆப்பெரா எனப்படும் இசை நாடகத்துக்கும் இசைக்குமான உலகின் முதன்மையான மேடைகளில் ஒன்று. இதற்குப் போக விரும்பினால் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே நிகழ்ச்சி நிரலைப் பார்த்து நுழைவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சீட்டுக் கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: கோட்டையின் அடிவாரத்திலுள்ள கபிட்டல் சதுக்கத்தில் பெரிய திரை அமைத்து, விழாவின் ஆப்பெராக்களையும் கச்சேரிகளையும் கோடை இரவுகளில் இலவசமாக ஒளிபரப்புகிறார்கள். நல்ல இடம் வேண்டுமானால் இருட்டுவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

விழாவுக்காகவே வருகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஆகஸ்டைப் பரிந்துரைக்க மாட்டேன். விடுதி வாடகை மிக உயர்ந்துவிடும். கெட்ரைடெகாஸ்ஸெ தெருவில் தோளோடு தோள் உரசாமல் நடக்க இயலாது. மே மாதமும் செப்டம்பர் பிற்பகுதியும் மிகப் பொருத்தமானவை. மொசார்ட்டின் இசை ஒன்றே நோக்கம் என்றால் ஜனவரி இறுதியில், அவருடைய பிறந்த நாளை ஒட்டி 1956 முதல் நடைபெற்றுவரும் மொசார்ட் வாரத்துக்குச் செல்லலாம். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் என்பதால் அதற்கேற்ற உடையும் காலணியும் தேவை. எந்தப் பருவமானாலும் குடையை எடுத்துச் செல்லுங்கள். மலையடிவார ஊர் என்பதால் நூல் நூலாக விடாமல் பெய்யும் மழை இங்கே வழக்கம். அதற்கென்று உள்ளூர் மக்கள் ‘ஷ்னூர்ல்ரேகன்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

படி 3: விசா, ரயில், தங்குமிடம்

இந்தியக் குடிமக்களுக்கும் இலங்கைக் குடிமக்களுக்கும் ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கோடைக்கால நெரிசலில் நேர்காணல் நாள் கிடைப்பதே தாமதமாகும் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல ஷெங்கன் நாடுகளுக்குச் செல்வதாக இருந்தால் அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வியன்னாவிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரமும், மியூனிக்கிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரமும் ஆகும். மியூனிக்கிலிருந்து குடும்பமாக வருகிறவர்கள் ‘பேயர்ன் டிக்கெட்’ எனப்படும் ஒரு நாள் பயணச்சீட்டை வாங்குவது சிக்கனம். ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை பயணம் செய்யலாம். வட்டார ரயில்களில் சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே இது செல்லுபடியாகும் என்பதைக் கவனிக்கவும்.

தங்குவதற்கு ஆற்றின் வலக்கரையில் லின்ஸர்காஸ்ஸெ தெருவைச் சுற்றியுள்ள பகுதி வசதியானது. பாலத்தைக் கடந்தால் பழைய நகரம். ரயில் நிலையத்தின் அருகே வாடகை குறைவு, நடந்தால் கால் மணி நேரத் தொலைவு. 24, 48, 72 மணி நேரங்களுக்குக் கிடைக்கும் சால்ஸ்பர்க் அட்டையில் கோட்டை, மொசார்ட்டின் இரு வீடுகள், ஹெல்புருன் அரண்மனை ஆகியவற்றின் நுழைவுக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் அடங்கிவிடும். இவற்றில் மூன்று இடங்களுக்குமேல் பார்ப்பதாக இருந்தால் 48 மணி நேர அட்டை வாங்குங்கள்.

படி 4: சனிக்கிழமை மாலை, வலக்கரை

பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு மிராபெல் தோட்டத்துக்குச் செல்லுங்கள், அனுமதி இலவசம். வொல்ஃப் டீட்ரிஷ் தம் துணைவி ஸலோமெ ஆல்ட்டுக்காக 1606இல் இங்கே ஓர் அரண்மனை கட்டினார். அதை 1720களில் லூக்காஸ் ஃபான் ஹில்டெப்ராண்ட் பரோக் அரண்மனையாக மாற்றியமைத்தார். தோட்டத்தின் நடுப்பாதையில் தெற்கு நோக்கி நின்றால் பூம்பாத்திகளுக்கு மேலே பேராலயத்தின் கோபுரங்களும், அவற்றுக்கும் மேலே கோட்டையும் அடுக்கடுக்காக எழுந்து நிற்பதைக் காணலாம்.

அரண்மனைக்குள் இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று, ராஃபேல் டொன்னர் செதுக்கிய மாடிப்படி. கைப்பிடிச் சுவரின் வளைவுகள்மீது குழந்தை வடிவத் தேவதைகள் ஏறியும் சரிந்தும் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் முகமும் வேறு. இன்னொன்று, அந்தப் படிகள் கொண்டுசேர்க்கும் பளிங்குக் கூடம். பகலில் குறிப்பிட்ட சில மணி நேரமே திறந்திருக்கும். திருமணப் பதிவு நடந்தால் அதுவும் இல்லை. எனவே மாலையில் அங்கு நடக்கும் அறையிசைக் கச்சேரிக்குச் சீட்டு வாங்கிவிடுவது எல்லா வகையிலும் மேலானது. நான்கைந்து கலைஞர்கள் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்கும் நால்வர் இசைக்கு இந்த அளவுக் கூடம்தான் இயல்பானது; பெரிய அரங்கில் கேட்கும்போது அந்த நெருக்கம் கிடைப்பதில்லை. கட்டணம் அதிகம் என்று தோன்றினால், தோட்டத்தை ஒட்டியே மொசார்ட்டேயும் இசைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்களின் தேர்வுக் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை; பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நாளும் அரங்கும் இருக்கும். உலகின் பல நாடுகளிலிருந்து கடும் தேர்வு கடந்து வந்த மாணவர்கள் இவர்கள் என்பதால், இலவசம்தானே என்று குறைவாக எண்ண வேண்டாம்.

தோட்டத்திலிருந்து வெளியேறினால் வரும் மகார்ட் சதுக்கத்தில் ஃபிஷர் ஃபான் எர்லாக் கட்டிய மூவொரு இறைவன் ஆலயம் உள்ளது. அதன் முகப்பு உள்நோக்கிக் குழிந்து, சதுக்கத்தில் நிற்பவரை அணைத்துக்கொள்வதுபோல் இருக்கும். அதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே கலைஞரின் இன்னொரு முகப்போடு ஒப்பிட வேண்டும்.

படி 5: ஞாயிறு காலை, பேராலயம்

இந்தப் பயணத்தின் மையம் இதுவே. ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நடக்கும், திருப்பலி எனப்படும் கத்தோலிக்க வழிபாட்டில் பேராலயத்தின் பாடகர் குழுவும் இசைக்குழுவும் பங்கேற்பது வழக்கம். மொசார்ட், மிஷேல் ஹைடன் முதலியோரின் திருப்பலி இசை கச்சேரியாக அல்லாமல் வழிபாட்டின் பகுதியாகவே ஒலிக்கும். இதற்குக் கட்டணம் இல்லை. வழிபாட்டு நேரம் தவிர்த்து வருகிற பார்வையாளர்களிடம்தான் கட்டணம் வாங்குகிறார்கள். அன்று எந்த இசை என்பதைப் பேராலய இசைப் பிரிவின் அறிவிப்பில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். 9.30 மணிக்குள் போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை, கைப்பேசிக்கு முழு ஓய்வு, இடையில் எழுந்து நடக்காமை ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் எந்தச் சமயத்தவரும் அங்கே அமரலாம்.

உள்ளே நுழைந்ததும் பின்வரிசையில் தங்கிவிடாமல், இயன்றவரை குவிமாடத்தை நோக்கி முன்னே செல்லுங்கள். குவிமாடத்தைத் தாங்கும் நான்கு பெருந்தூண்களையும் அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு தூணிலும் ஒரு மாடம், ஒவ்வொரு மாடத்திலும் ஆர்கன் என்ற பெரிய குழாய் வாத்தியம் ஒன்று இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் பல குழுக்களாகப் பிரித்து இந்த மாடங்களில் நிறுத்தினார்கள். ஒரு மாடத்திலிருந்து எழும் இசைக்கு எதிர்மாடம் பதில் சொல்லும். கீழே நிற்பவரை இசை நான்கு புறமும் சூழும். அந்நூற்றாண்டில் இங்கே இசைத் தலைவராக உயர்ந்த ஹைன்ரிஷ் பீபர் எழுதியதாகக் கருதப்படும் ஒரு திருப்பலி இசையில் குரல்களுக்கும் வாத்தியங்களுக்குமாக 53 தனித்தனி வரிகள் உள்ளன. 1628இல் நடந்த அர்ச்சிப்பு விழாவுக்காக ரோமைச் சேர்ந்த வேறொருவர் எழுதியது என்று நெடுங்காலம் நம்பப்பட்ட அந்தப் படைப்பு, 1682இல், பேராயத்தின் 1100ஆம் ஆண்டு என்று அன்று கணக்கிட்டுக் கொண்டாடிய விழாவுக்கு எழுதப்பட்டது என்று பின்னர் ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். இந்தக் குவிமாடம் இல்லாமல் அந்த இசையை எழுதத் தோன்றியிருக்காது என்பது அங்கே நின்றால் விளங்கும். கல்லில் எதிரொலி நீண்டு நிற்பதால், வேகமான சிறு சுரங்கள் குழம்பிப்போகும். தெளிவான பெரிய வாக்கியங்களும் அவற்றுக்கு நடுவே இடைவெளிகளும்தான் இங்கே எடுபடும்.

மொசார்ட் எழுதிய திருப்பலி இசைகளில் பல ஏன் குறுகியவை என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. அக்காலப் பேராயர் கொல்லொரெடோ எளிமையை விரும்பியவர். மிகப் பெரிய விழாத் திருப்பலிகூட முக்கால் மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது நிலை என மொசார்ட் 1776இல் இத்தாலியிலுள்ள தம் ஆசான் மார்ட்டினிக்கு எழுதினார். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுதான் 1779இல் ‘முடிசூட்டுத் திருப்பலி’ எனப்படும் இசையை எழுதினார். எக்காளமும் முரசும் ஒலிக்கும் அந்தச் சுருக்கமான படைப்பை இங்கே கேட்கும் வாய்ப்பு அமைந்தால் தவறவிட வேண்டாம்.

திருப்பலி முடிந்ததும் வாயிலின் இடப்புறமுள்ள வெண்கலத் திருமுழுக்குத் தொட்டியைப் பாருங்கள், 1321ஐச் சேர்ந்தது. 1756 ஜனவரி 28 அன்று, பிறந்த மறுநாள், மொசார்ட்டுக்கு இதில்தான் திருமுழுக்கு அளித்தார்கள். வெளியே வாயில்களில் 774, 1628, 1959 என்ற ஆண்டுகள் பொறித்திருக்கும். முதலிரண்டும் அர்ச்சிப்பு ஆண்டுகள். மூன்றாவது, 1944இல் குண்டு விழுந்து இடிந்த குவிமாடத்தை மீண்டும் எழுப்பித் திறந்த ஆண்டு.

சதுக்கத்தைக் கடந்து எதிர்ப்புறத்து வளைவுகளின் கீழ் நடுவில் நின்று திரும்பிப் பாருங்கள். சதுக்கத்தின் நடுவே தூணின்மீது மரியாவின் சிலை இருக்கிறது. அதற்குப் பின்னால், ஆலய முகப்பில், இரண்டு தேவதைகள் ஒரு கிரீடத்தை ஏந்தியிருக்கிறார்கள். நீங்கள் சரியான இடத்தில் நின்றால் அந்தக் கிரீடம் மரியாவின் தலையில் பொருந்தும்; ஓர் அடி நகர்ந்தால் விலகிவிடும். 1770ஐ ஒட்டி ஹாகெனவர் சகோதரர்கள் வடித்த சிலை இது. விழாக் காலத்தில் நாடக மேடையும் இருக்கைகளும் இந்தக் காட்சியை மறைத்துவிடும் என்பது ஆகஸ்டைத் தவிர்க்க இன்னொரு காரணம்.

படி 6: ஞாயிறு மதியம், மூன்று ஆலயங்கள்

பேராலயத்துக்கு மிக அருகில், 696இல் புனித ரூப்பெர்ட் நிறுவிய புனித பேதுரு மடம் உள்ளது. அதன் ஆலயத்தில்தான் 1783 அக்டோபரில் மொசார்ட்டின் சி மைனர் திருப்பலி இசை முதலில் ஒலித்தது. அதில் சோப்ரானோ எனப்படும் பெண்களின் உச்சக் குரலில் பாடியவர் அவருடைய மனைவி கான்ஸ்டன்ஸே. முழுமை பெறாமலே நின்றுவிட்ட படைப்பு என்றாலும் அவருடைய தேவாலய இசையின் உச்சம் அதுவே என்பது என் கருத்து. பக்கத்திலுள்ள கல்லறைத் தோட்டத்தில், மொசார்ட்டின் தமக்கை நான்னெர்லும் மிஷேல் ஹைடனும் ஒரே கல்லறை அறையில் அடங்கியிருக்கிறார்கள்.

அடுத்துள்ள பிரான்சிஸ்கன் ஆலயத்தில் இருண்ட ரோமனெஸ்க் பாணி நடுக்கூடத்தின் வழியே நடந்து, திடீரென்று உயர்ந்து ஒளி நிறையும் கோத்திக் பகுதிக்கு வருவீர்கள். அங்கே ஃபிஷர் ஃபான் எர்லாக்கின் பரோக் பீடத்தின் நடுவே, இருநூறு ஆண்டுகள் மூத்த மிஷேல் பாக்கரின் மரியா சிலை வீற்றிருக்கிறது.

பல்கலைக்கழகச் சதுக்கத்திலுள்ள கொலேகியன் ஆலயத்துக்குச் சற்று அதிக நேரம் ஒதுக்குங்கள். 1707இல் முடித்த இதன் முகப்பு, நேற்று பார்த்த குழிந்த முகப்புக்கு நேர்மாறாக வெளியே புடைத்து நிற்கும். இரண்டும் ஒரே கலைஞர் எழுப்பியவை. உள்ளே வண்ண ஓவியங்களை எதிர்பார்த்துப் போகிறவர்கள் வியப்பார்கள்: சுவர்கள் வெறும் வெள்ளை. பீடத்துக்குப் பின்னால் மட்டும் சுதையில் செய்த மேகக் கூட்டங்களும் தேவதைகளும் சன்னலைச் சுற்றி மேலே கிளம்புகின்றன. சன்னல் வழியே வரும் இயற்கை ஒளிதான் அவற்றுக்கு வண்ணம். வெயில் உள்ள நேரம் பார்த்துச் செல்லுங்கள். பரோக் என்றாலே தங்கமும் அலங்காரமும்தான் என்ற எண்ணத்தை இந்த ஆலயம் மாற்றிவிடும்.

படி 7: மொசார்ட்டின் இரு வீடுகள்

கெட்ரைடெகாஸ்ஸெ 9ஆம் எண் வீட்டின் மூன்றாம் மாடியில் 1756 ஜனவரி 27 அன்று மொசார்ட் பிறந்தார். 1880 முதல் அருங்காட்சியகமாக உள்ள இவ்வீட்டில் அவர் சிறுவயதில் வாசித்த வயலினையும் அவருடைய கிளாவிகார்டு என்ற விசைப்பலகை வாத்தியத்தையும் காணலாம். மாலை நேரத்தில் போனால் கூட்டம் ஓரளவு குறைவு. ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால், 1773இல் குடும்பம் குடிபெயர்ந்த மகார்ட் சதுக்கத்து வீட்டைத் தேர்ந்தெடுங்கள். 1944இல் குண்டுவீச்சில் பெரும்பகுதி சேதமடைந்து, 1996இல் மீண்டும் கட்டித் திறந்த வீடு அது. அறைகள் விசாலமானவை, இசையைக் கேட்டபடி பார்க்கலாம், நின்று நிதானிக்க இடமும் உண்டு.

படி 8: திங்கள் காலை, கோட்டையும் குன்றும்

1077இல் தொடங்கிய ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டைக்கு 1892 முதல் கம்பிவட ரயில் ஓடுகிறது. உள்ளே தங்க அறையையும், 1502இல் செய்த ‘சால்ஸ்பர்க் காளை’ என்ற இயந்திர ஆர்கனையும் பாருங்கள். கீழே ரெஸிடென்ஸ் சதுக்கத்தின் மணிக்கூண்டில் ஆன்ட்வெர்ப்பில் வார்த்த 35 மணிகள் காலை 7, 11, மாலை 6 மணிக்கு இசைக்கும்; கோடைப் பருவத்தில் அதைத் தொடர்ந்து கோட்டையிலிருந்து இந்தக் காளை முழங்கும். 11 மணிக்குச் சதுக்கத்தில் நின்றால் இரண்டையும் கேட்கலாம்.

இறங்கும்போது ரயிலைத் தவிர்த்து, மோன்க்ஸ்பெர்க் குன்றின் மேல் மரநிழலில் மேற்கு நோக்கி நடந்து, மறுமுனையிலுள்ள மின்தூக்கியில் இறங்குங்கள். இந்தக் குன்றின் பாறை எளிதில் உதிரக்கூடியது. 1669இல் ஒரு பகுதி சரிந்து, கீழேயிருந்த வீடுகளில் 200 பேருக்குமேல் இறந்தார்கள். அதன் பிறகு பாறை முகத்தைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்த கற்களை அகற்றவே ‘பெர்க்புட்ஸர்’ என்ற பணியாளர்களை நகராட்சி வைத்திருக்கிறது. கயிற்றில் தொங்கியபடி அவர்கள் வேலை செய்வதை வசந்த காலத்தில் காணலாம். அதே பாறையில் 1693இல் 96 மாடங்களைக் குடைந்து அமைத்த குதிரைப் பயிற்சிக்கூடமே இன்று விழாவின் புகழ்பெற்ற ஆப்பெரா மேடைகளில் ஒன்று; வழிகாட்டியுடன் உள்ளே சென்று பார்க்கலாம்.

படி 9: திங்கள் மதியம், ஹெல்புருன்

25ஆம் எண் பேருந்தில் நகரின் தெற்கே ஹெல்புருன் அரண்மனைக்குச் செல்லுங்கள். மார்க்குஸ் ஸிட்டிக்குஸ் விருந்தினரை நனைத்து மகிழ்வதற்கென்று அமைத்த நீர்விளையாட்டுகள் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மின்சாரம் இன்றி, நீரின் அழுத்தத்தாலேயே இயங்குகின்றன. தோட்டத்துக் கல்மேசையைச் சுற்றியுள்ள இருக்கைகளில் பேராயரின் இருக்கையைத் தவிர மற்றவற்றில் நீர் பீறிடும் துளைகள் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் சேர்த்த இயந்திர அரங்கில் நூற்றுக்கணக்கான பொம்மைகள் நகர, நீரால் இயங்கும் ஆர்கன் பின்னணி இசைக்கும். குளிர்காலத்தில் நீர்விளையாட்டுகள் மூடியிருக்கும். கைப்பேசிக்கு நீர் புகாத உறை எடுத்துச் செல்லவும்.

படி 10: உணவு

சைவ உணவுக்காரர்களுக்கு ‘காஸ்நொக்கன்’ நல்ல தேர்வு: மாவுருண்டைகளும் உருகிய பாலாடைக் கட்டியும் வதக்கிய வெங்காயமும் சேர்ந்து வாணலியோடு வரும். சூப் வகைகள் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்தவை; காய்கறிச் சூப் என்று எழுதியிருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘சால்ஸ்பர்கர் நொக்கெர்ல்’ ஊரைச் சுற்றிய குன்றுகளை நினைவூட்டும் மூன்று மேடுகளாகச் சுட்டுத் தரும் முட்டை இனிப்பு; ஒரு தட்டு இருவருக்குப் போதும். மொசார்ட் உருண்டைச் சாக்லேட்டை 1890இல் உருவாக்கியவர் பால் ஃபூர்ஸ்ட். அவருடைய குடும்பத்தின் கடையில் வெள்ளி-நீலத் தாளில் சுற்றி விற்பதே மூலவகை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் பழமும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குழாய் நீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

ஒரே ஒரு நாள்தான் இருந்தால்

அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். வார இறுதியில் பேயர்ன் டிக்கெட்டுக்கு 9 மணிக் கட்டுப்பாடு இல்லாததால், மியூனிக்கிலிருந்து விடியற்காலை ரயிலில் ஏறினால் பேராலயத் திருப்பலிக்கு நேரத்தோடு வந்துவிடலாம். பிறகு படி 6இல் உள்ள மூன்று ஆலயங்களையும் மகார்ட் சதுக்கத்து வீட்டையும் மட்டும் பாருங்கள். கோட்டையையும் ஹெல்புருனையும் விட்டுவிட்டு, மாலையில் மிராபெல் தோட்டத்தின் வழியாகவே ரயில் நிலையத்துக்குத் திரும்பலாம்.